பேரமும் வரிசையும்

திருச்சி நெடுஞ்சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையில் இருக்கிறது செய்யூர். ஏரிப் பாசன வயலும் கழியும் உப்பளமும் கலந்த வட்டம். இங்கிருந்து முதன்முதலாகப் புதுக் கார் வாங்கக் கிளம்பும் குடும்பம் மதுராந்தகத்துக்கோ செங்கல்பட்டுக்கோ தாம்பரத்துக்கோ போய், கண்ணாடிச் சுவர் வைத்த ஷோரூமில் உட்கார்ந்து கொட்டேஷன் கேட்கிறது. அந்த மேசையில் நடப்பதைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு உண்டு. பேசத் தெரிந்தவன் அடித்துப் பேசிக் குறைத்து வாங்கிவிடுவான், வாயில்லாதவன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவான் என்பது ஒன்று. கார் என்ன கத்தரிக்காயா, கம்பெனி போட்ட விலைதானே, அதில் போய்ப் பேரம் பேசுவது மரியாதைக் குறைவு என்பது மற்றொன்று. இரண்டுமே பிழையானவை என்பது என் துணிபு. விலை பேசும் உரிமை நாவன்மையால் வருவதில்லை. நாகரிகம் வந்ததால் போவதுமில்லை. வாங்குபவர்கள் பொருளுக்காக வரிசையில் நிற்கும் காலத்தில் விலை கட்டளையாக வருகிறது. பொருள் வாங்குபவருக்காக வரிசையில் நிற்கும் காலத்தில் அதே விலை வளைகிறது. இந்தக் கடற்கரை இரண்டு காலங்களையும் பார்த்திருக்கிறது. காரிலும் பார்த்திருக்கிறது, கார் வருவதற்கு வெகு முன்பு உப்பிலும் பார்த்திருக்கிறது.

உப்பிலிருந்தே தொடங்குவது நியாயம். கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தின் உப்பு உற்பத்தியைத் தன் ஏகபோகமாக்கியது. அதன்பின் செங்கல்பட்டுக் கடற்கரையில் உப்பு விளைவிப்பவர்கள், விளைந்ததை அரசு தவிர வேறு யாருக்கும் விற்க முடியாமல் போனது. அவர்களுக்குக் கிடைத்த கூலியையும் அரசே வகுத்தது. வியாபாரி அரசுக் கிடங்கிலிருந்து எடுக்க வேண்டிய விலையையும் அரசே வகுத்தது. கரிசை என்ற அன்றைய அளவுக்கு 70 ரூபாய் என்று தொடங்கிய அந்த விலை, நான்கே ஆண்டுகளில், 1809இல், 105 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒன்றரை மடங்கு. இதற்கு உப்பு அரிதாகிவிட்டது காரணமல்ல, விளைவிக்கும் செலவு கூடியதும் காரணமல்ல. வேறு கடை இல்லை என்பது மட்டுமே காரணம். தன் வீட்டு வாசலில் அள்ளி எடுக்கக்கூடிய உப்பை எடுத்தால் குற்றம். நிலையான விலை என்பது நேர்மையின் அடையாளமாக இந்தப் பகுதிக்கு வரவில்லை. ஏகபோகத்தின் அடையாளமாக வந்தது. பேரம் இல்லாத வியாபாரம் முன்னேறிய வியாபாரம் என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றையும் எடையில் சேர்க்க வேண்டும்.

அதே காலத்தில், அதே மக்கள், மாடு வாங்கும்போது வேறு முறையில் விலை முடித்தார்கள். மாட்டுச் சந்தையில் தரகர் தோளிலிருந்து துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் பொள்ளாச்சி, அந்தியூர் போன்ற சந்தைகளில் கண்ணால் பார்க்கக்கூடியது. இது நேற்று முளைத்ததல்ல. இத்தாலியப் பயணி வர்த்தேமா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ளிக்கோட்டையில் வணிகர்களும் தரகரும் துணிக்கடியில் விரல் தொட்டு விலை முடித்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்; அவருடைய நூல் 1510இல் அச்சானது. இந்த முறையின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். துண்டு எதற்கு? பேசி முடித்த விலை மூன்றாம் ஆளுக்குத் தெரியாமல் இருக்க. ஒரு மாடு என்ன விலைக்குப் போனது என்று சந்தை முழுவதும் தெரிந்துவிட்டால் அடுத்த மாட்டின் விலையும் அதிலேயே நின்றுவிடும். மறைவு வாங்குபவருக்கும் உதவலாம், விற்பவருக்கும் உதவலாம். எப்போதும் உதவுவது தரகருக்குத்தான், ஏனென்றால் எல்லாத் துண்டுகளுக்கும் அடியில் அவர் கை இருக்கிறது. சந்தையின் பல விலைகளையும் அறிந்த ஒரே ஆள் அவர். புதுக் கார் ஷோரூமின் விற்பனை மேலாளர் இன்று வகிக்கும் இடமும் அதுவே. நேற்று இதே வண்டியை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியும், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

கார் இந்த மாவட்டத்துக்கு அயல் பொருளாக வந்து, சொந்தப் பொருளாக மாறியது. ஃபோர்டு இந்தியா 1926இல் கனடா நிறுவனத்தின் கிளையாகத் தொடங்கப்பட்டு, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் பாகங்களைப் பூட்டி வண்டி விற்றது. விடுதலைக்குப் பின், இங்கேயே பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற கொள்கையை அரசு எடுத்தது. சுங்க வரி ஆணையம் 1953இல் அதை வலியுறுத்த, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. எஞ்சிய கார் நிறுவனங்களில் மூன்று நிலைத்தன: உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். 1948இல் உருவான ஸ்டாண்டர்ட் நிறுவனம் வான்கார்டில் தொடங்கி, ஸ்டாண்டர்ட் 10, 1961இல் ஹெரால்டு, 1972இல் கெஸல் என்று வண்டிகளைக் கொடுத்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே, செய்யூரிலிருந்து ஒரு பகல் பயணத் தொலைவில், கார் தயாரானது. தயாராகும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அதனால் விலை பேசும் வலிமை கூடியதா? துளியும் இல்லை. காரணம், நாட்டில் தயாரான மொத்தக் கார்களே தேவைக்குப் போதவில்லை. எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதை உரிமம் முடிவு செய்தது. வண்டி போதாத இடத்தில் ஆலை வாசலில் குடியிருந்தும் பயனில்லை.

போதாமையைப் பங்கிட அரசு 1959இல் கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவந்தது. டீலர் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டு முறைப்படி வண்டி கொடுக்க வேண்டும். அரசுக்கென்று ஒரு ஒதுக்கீடு. வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் கைமாற்றத் தடை. 1969இல் அரசு இன்னும் ஒரு படி போய், கார்களின் விலையையே சட்டப்படி நிர்ணயித்தது. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கின் போக்கில் விலை விசாரணைக் குழு அமைந்தது, செலவுக் கணக்குகள் அலசப்பட்டன, முதலீட்டுக்கு எத்தனை சதவீத ஆதாயம் நியாயம் என்று வாதம் நடந்தது, 1971இல் தீர்ப்பு வந்தது. காரின் விலைக்காக இந்தியாவில் நடந்த மிகப் பெரிய பேரம் அதுதான் என்று சொல்வேன். பேரத்தின் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் தயாரிப்பாளர். பணம் கட்டப் போகிறவருக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. கட்டுப்பாட்டின் நோக்கம் அவரைக் காப்பதுதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விலையைக் கட்டுப்படுத்திவிட்டு எண்ணிக்கையைக் கூட்டாமல் விட்டதால், காப்பு வேறு வழியாகக் கழன்றது. பிரீமியர் தயாரித்த, நீண்ட காத்திருப்பு இருந்த ஃபியட்டுக்கு வெளிச் சந்தையில் பெரிய பிரீமியம் இருந்தது. காத்திருப்பு குறைந்த வண்டிக்குப் பிரீமியமும் குறைந்தது. சட்டம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான், பிரீமியம் மட்டும் வரிசையின் நீளத்தைப் பின்தொடர்ந்தது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1970களின் நடுவில் விலைக் கட்டுப்பாடு விலகியது, வரிசை விலகவில்லை. 1983இல் மாருதிக்கு முன்பதிவு திறந்தபோது, 50,000 ரூபாயை ஒட்டிய விலையுள்ள வண்டிக்கு 10,000 ரூபாய் முன்பணம் கட்டி, இரண்டு மாதங்களில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் 120 கோடி ரூபாய்க்கு மேல். முதல் வண்டி அந்த ஆண்டு டிசம்பரில்தான் கைமாறியது. ஆலையிலிருந்து ஒரு வண்டிகூட வராத நிலையில், வாங்குபவர் விலையில் ஐந்தில் ஒரு பங்கை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். முன்பணம் கொடுத்துவிட்டவர் விலை பேச முடியுமா? அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் மிராசுதாராக இருந்தாலும் கேட்டது ஒரே கேள்வி: எப்போது டெலிவரி? இங்கேதான் 'காருக்குப் பேரம் பேசுவது கௌரவக் குறைவு' என்ற எண்ணம் குடும்பங்களில் ஊறியது என்று நினைக்கிறேன். பேச இடமில்லாத காலத்தில் பேசாமல் இருந்ததைப் பெருந்தன்மையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். மாட்டுக்கும் நெல்லுக்கும் நிலத்துக்கும் விலை பேசாமல் ஒரு நாளும் வாங்கியிராத குடும்பம், காருக்கு மட்டும் வாய் மூடிக்கொண்டது அதன் இயல்பினால் அல்ல.

திருப்பம் வந்தது 1990களின் பின்பாதியில், அதுவும் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே. மகிந்திராவுடன் கூட்டாக 1995இல் மீண்டும் வந்த ஃபோர்டு, மறைமலை நகரில் ஆலை கட்டி 1999இல் ஐகானைக் கொண்டுவந்தது. ஹூண்டாய் 1996இல் நிறுவனம் பதிந்து, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பி, 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை வெளியிட்டது. அதே ஆண்டு தேவூவின் மாட்டிஸும், ஆண்டு முடிவில் டாடாவின் இண்டிகாவும் வந்தன. அதற்கு மாருதி எப்படிப் பதில் சொன்னது? தன் 800 மாதிரியின் விலையைக் குறைத்தது. விலை, எந்த வாடிக்கையாளரும் எந்த மேசையிலும் வாய் திறக்காமலே இறங்கியது. ஒரு தாலுகாவில் இருந்த ஆயிரம் பேர் ஒன்றாகக் கூடிப் பேசினாலும் நடந்திருக்காத காரியத்தை மூன்று புது வண்டிகள் செய்தன. அதன் பிறகுதான் ஷோரூம்களில் இலவச இன்சூரன்ஸ், எக்ஸ்சேஞ்ச் போனஸ், அரசு ஊழியருக்குத் தனிச் சலுகை, டிசம்பர் மாதத் தள்ளுபடி எல்லாம் வழக்கமாயின. பேரம் புதிதாக நம் பண்பாட்டில் நுழையவில்லை. காரில் அதற்கு முதன்முதலாக இடம் கிடைத்தது.

இடம் கிடைத்தது என்பதால் நிரந்தரமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்யூவி 700இன் கதை இதைக் காட்டும். உலகெங்கும் மின்னணுச் சில்லுப் பற்றாக்குறை இருந்த 2021இல் அது வெளிவந்தது. அக்டோபர் 7ஆம் தேதி முன்பதிவு திறந்த 57 நிமிடங்களில் 25,000 வண்டிகள் பதிவாயின. முதல் 25,000 பேருக்கு 11.99 லட்சத்தில் தொடங்கிய விலை, அடுத்தவர்களுக்கு 12.49 லட்சமானது. மேல்நிலை மாதிரிகளுக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருப்பு. அந்த நாட்களில் தள்ளுபடி என்ற சொல்லை ஷோரூமில் உச்சரிக்க முடியாது. 2024இல் நிலைமை தலைகீழ். வண்டி விற்பனையாளர்களின் கூட்டமைப்பான ஃபாடா, அந்த ஆண்டு செப்டம்பரில் நாடெங்கும் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கு ஈடான கார்கள் தேங்கி நின்றன, மதிப்பு 79,000 கோடி ரூபாய் என்று அறிவித்தது. அதற்கு முன்பே ஜூலையில் அதே எக்ஸ்யூவி 700இன் மேல்நிலை மாதிரியின் தொடக்க விலை 2 லட்சத்துக்கு மேல் இறக்கப்பட்டது. வண்டி அதே வண்டி, ஷோரூம் அதே ஷோரூம், வாங்க வந்தவரும் ஒருவேளை அதே ஆள். 2021இல் வாயில்லாதவராக இருந்தவர் 2024இல் திடீரென்று பேச்சாளராகிவிடவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பொருள் தேங்கினால் விலை குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சந்தை விதிதானே, இதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். புதிது என்னவென்றால், தேங்கிய காலத்திலும் விலை இறங்காமல் இருக்க அணை கட்டப்பட்டது என்பதுதான். இந்தியப் போட்டி ஆணையம் 2017 ஜூனில் ஹூண்டாய் நிறுவனத்துக்கு 87 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது அதில் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம். பிறகு 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்கு 200 கோடி. ஆணையத்தின் கண்டறிதலின்படி, டீலர் அறிவித்த அளவுக்கு மேல் சலுகை கொடுக்கிறாரா என்று பார்க்க வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். பிடிபட்டால் டீலருக்கு மட்டுமல்ல, மேலாளர், விற்பனைப் பிரதிநிதி வரைக்கும் அபராதம். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. இறுதி முடிவை நான் முந்திக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் ஆணையத்தின் உத்தரவு ஒரு விஷயத்தைத் தெளிவாக்குகிறது. எதிர் நாற்காலியில் இருக்கும் விற்பனைப் பிரதிநிதி 'சார், இதுக்கு மேல என் கையில இல்ல' என்று சொல்லும்போது, அது எப்போதும் நடிப்பு அல்ல. அவர் கையை மேலே இருந்து யாரோ பிடித்திருக்கலாம். அப்படியானால் வாங்குபவர் பேசிக்கொண்டிருப்பது டீலரிடம் அல்ல. மேசைக்கு வராத ஒருவரிடம்.

டீலர் பக்கத்தின் மறுப்பும் கேட்கத் தக்கது. காரில் டீலருக்குக் கிடைக்கும் மொத்த ஆதாயமே ஒற்றை இலக்கச் சதவீதம். அதில் ஷோரூம் வாடகை, ஊழியர் சம்பளம், நிற்கும் வண்டிக்கு வங்கி வட்டி எல்லாம் போக வேண்டும். அதையும் வாங்குபவர் பிடுங்கினால் தொழில் நிற்குமா? இந்த வருத்தம் பொய்யல்ல. மறைமலை நகர் ஆலையைச் சொந்தமாக வைத்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பர் 9ஆம் தேதி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, அதன் சுமார் 170 டீலர்கள் போட்ட 2,000 கோடி ரூபாய் முதலீடு நடுத்தெருவில் நிற்கிறது என்று ஃபாடா சொன்னது. டீலரும் ஒரு வகையில் வரிசையில் நிற்பவர்தான். கம்பெனி அனுப்பும் வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டியவர், அதன் விலையைத் தானே வைக்க முடியாதவர். ஆயினும் அவருடைய இழப்பை வாங்குபவரின் பேரத்தில் கொண்டுபோய் வைப்பது தவறான கணக்கு. ஃபோர்டு டீலர்களை வீழ்த்தியது செங்கல்பட்டில் யாரோ கேட்ட பத்தாயிரம் ரூபாய்த் தள்ளுபடி அல்ல. தங்களைப் பாதுகாக்கும் சட்டம் வேண்டும் என்று டீலர்கள் கேட்பது நியாயமான கோரிக்கை, அதை அவர்கள் கேட்க வேண்டிய இடம் தயாரிப்பாளரும் அரசும். மேலும் வண்டியின் விலையில் விட்டதை இன்சூரன்ஸ், கடன், ஆக்சசரீஸ் ஆகியவற்றின் வழியே ஓரளவு ஈட்டிக்கொள்ளும் வழி டீலருக்கு உண்டு. சீட் கவருக்கும் ஃப்ளோர் மேட்டுக்கும் வெளியே ஒரு விலை, ஷோரூமில் ஒரு விலை.

ஷோரூமில் கொடுக்கும் ஆன்ரோடு விலைத்தாளையே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பேரத்தின் உண்மையான எல்லை அதில்தான் வரையப்பட்டிருக்கிறது. எக்ஸ் ஷோரூம் விலைக்குள் சரக்கு சேவை வரி அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். தமிழ்நாட்டின் வாழ்நாள் சாலை வரி 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஒன்பது லட்ச ரூபாய் வண்டிக்கு 1,17,000 ரூபாய் சாலை வரியாகப் போகிறது. பழைய 10 சதவீதக் கணக்கில் அது 90,000 ஆக இருந்திருக்கும். இந்த வரிகளில் எந்த நாவன்மையும் செல்லாது. தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டினால் அந்தத் தொகைக்குச் சரக்கு சேவை வரி விழாது என்பது மட்டும் சட்டம் தரும் வசதி; ஆகவே 'பில்லில் வேண்டாம், ஆக்சசரீஸாகத் தருகிறோம்' என்ற யோசனையை ஏற்பதற்கு முன் கணக்குப் போட வேண்டும். இன்சூரன்ஸ் வேறு கதை. அதை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் எடுத்தால் குறையக்கூடிய தொகை அது. வாங்குபவர் ஷோரூம் விலையில் ஐயாயிரம் குறைக்க அரை நாள் போராடிவிட்டு, இன்சூரன்ஸில் அதைவிடக் கூடுதலாகக் கேட்காமலே கொடுத்துவிட்டு வருவது, பேச்சுத் திறன் இல்லாததால் அல்ல. எந்தத் தொகை பேசத் தக்கது, எது பேசத் தகாதது என்று அந்தத் தாள் பிரித்துச் சொல்லாததால்.

கடைசியாக, எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு. பேரத்தை உரிமை என்று கொண்டாடினால் அது யாருக்கு உரிமை? படித்தவர், நகரத்தவர், நாலு ஷோரூம் ஏறி இறங்க நேரமும் வண்டியும் உள்ளவர், அவர்களுக்குத்தான் பேரம் பலிக்கும். செய்யூரிலிருந்து ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்துப் பேருந்தில் வருபவருக்கு அல்ல. இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் அயர்ஸ், சீகல்மன் என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி பேசப் பயிற்சி கொடுத்த ஆட்களை சிகாகோ வட்டாரக் கார் டீலர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே வார்த்தை, ஒரே உத்தி. ஆனால் வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலை குறைவு, கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் சொன்ன விலை கூடுதல். நம் ஷோரூம்களிலும் உடையையும் சாதியையும் ஊரையும் பேச்சையும் பார்த்து விலை மாறுவதில்லை என்று எந்த நெஞ்சுறுதியில் சொல்வது? ஆகவே எல்லோருக்கும் ஒரே விலை என்று வைத்துவிடலாமே என்ற எண்ணம் நல்லெண்ணம்தான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த வணிகர்கள் ஒரே விலை சொன்னதும் இந்த நல்லெண்ணத்தால்தான். குழந்தையை அனுப்பினாலும் பெரியவருக்குச் சொன்ன விலையே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நெறி. ஆனால் குவேக்கர் கடைக்குப் பக்கத்திலேயே வேறு கடை இருந்தது. பக்கத்துக் கடை உள்ள இடத்தில் ஒரே விலை நேர்மை. எல்லா டீலர்களின் விலையையும் மேலிருந்து ஒருவரே வகுக்கும் இடத்தில் ஒரே விலை என்பது 1805இன் உப்புக் கிடங்கு. எளியவரைக் காப்பதற்காக அவருடைய எதிர்த்தரப்பின் கையில் விலையை முழுவதுமாக ஒப்படைப்பது காப்பு ஆகாது.

எளியவருக்கு வேண்டியது பேரத்திலிருந்து விடுதலை அல்ல, துண்டை எடுப்பது. அமெரிக்காவிலும் காருக்குப் பேரம் பேசும் வழக்கம், பழைய வண்டியைக் கழித்துக்கொண்டு புது வண்டி கொடுக்கும் ஏற்பாட்டால் 1920களில் வேரூன்றியது. குதிரைத் தரகின் வாடை அதில் இருந்தது. டீலர்கள் வாய்க்கு வந்ததைக் கம்பெனி விலை என்று சொல்லி ஏமாற்றியபோது, ஓக்லஹோமா செனட்டர் மன்ரோனியின் முயற்சியால் 1958இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் கம்பெனி பரிந்துரைக்கும் விலை, கூடுதல் பாகங்களின் விலை, கொண்டுவந்த செலவு ஆகியவற்றை அச்சிட்டு ஒட்ட வேண்டும். சட்டம் விலையை நிர்ணயிக்கவில்லை, பேரத்தைத் தடுக்கவில்லை. இரு தரப்புக்கும் ஒரே தாளைக் காட்டியது. இந்தியாவில் பொதி செய்த பொருள்களுக்கு 1977ஆம் ஆண்டு விதிகள் தொடங்கிப் படிப்படியாக இதைச் செய்திருக்கிறோம். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் தயாரான மாதமும் அதிகபட்ச விலையும் இருக்கிறது. பத்து லட்ச ரூபாய் காரின் கண்ணாடியில் இவை இல்லை. தயாரித்த மாதம், டீலர் யார்டுக்கு வந்த நாள், நடப்பு மாதத்தில் கம்பெனி டீலருக்குத் தரும் சலுகைத் தொகை, வரிகள் தனித்தனியாக, இன்சூரன்ஸை வெளியில் எடுக்கலாம் என்ற ஒரு குறிப்பு. இவ்வளவையும் தமிழில் அச்சிட்டு வண்டியில் ஒட்டச் சொல்வதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. அந்தத் தாள் இருந்தால், செய்யூரிலிருந்து வருபவருக்கும் அடையாறிலிருந்து வருபவருக்கும் எண்பது நாளாக வெயிலில் நிற்கும் வண்டி எது என்பது ஒரே பார்வையில் தெரியும்.